உள்ளூராட்சிப் பதிவேடுகளும் அத்தாட்சிப் பிரதிகளும்

பெரியபுராணத்திலே தடுத்தாட்கொண்ட புராணம் சைவ மாணவர் யாவரும் அறிந்தது. புத்தூரில் மணக்கோலத்துடன் இருந்த நம்பியாரூரரைத் தம் அடிமையென முதிய வேதியர் ஒருவர் வழக்காடினார். அவர் காட்டிய ஓலையை நம்பி பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையை அடைந்தது. ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டுமாறு சபையோர் கேட்டனர். கிழிக்கப்பட்டது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உளதென்றும் கூறி முதியவர் அதனை முன்வைத்தார். கரணத்தான் அதனை வாசித்தான். சபையோரோ அவ்வளவில் அமைந்தாரல்லர். நம்பியின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, ஈரெழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர்.

பக்திச் சுவை ததும்பும் இவ்வரலாற்றிலே ஆவணச் சான்று பற்றிய அடிப்படைகள் நான்கும் அமைந்துள்ளன. மூலம் ஒன்று, அதன் படி ஒன்று, மூலத்தைக் காப்போர் ஒருவர், இரண்டையும் ஒப்புநோக்கும் செயல் ஒன்று. இக்காலத்து அத்தாட்சிப் பிரதியும் இந்நான்கையே பற்றி நிற்கின்றது. பிரதியின் வலிமை அது எழுதப்பட்ட தாளில் இல்லை. காப்பிலுள்ள மூலத்திலும், அதனோடு ஒப்புநோக்கிக் கையொப்பமிடும் உத்தியோகத்தரின் பொறுப்பிலுமே உள்ளது. இதனை உணர்ந்தோர் எங்கே செல்வது, யாது கேட்பது என்பவற்றில் இடர்ப்படார்.

இலங்கையில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என உள்ளூராட்சி மன்றங்கள் மூவகைப்படும். சோலைவரி என நம்மவர் வழங்கும் மதிப்பீட்டு வரியின் இடாப்புகள், கட்டட வரைபட அனுமதிகள், வீதிக்கோட்டுக் குறிப்புகள், வியாபார உரிமப் பதிவுகள், சபைக் கூட்ட அறிக்கைகள் என்பன இம்மன்றங்களின் காப்பில் உள்ளவற்றுட் சில. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளை இம்மன்றங்களிலே தேடுவோர் பலர். அவை பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்துக்குரியவை. அவற்றின் பிரதிகள் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பெறற்பாலன. காணி உறுதிகளின் பதிவோ காணிப் பதிவகத்துக்கு உரியது. பிரதேச சபையும் பிரதேச செயலகமும் பெயரால் ஒத்திருப்பினும் இரண்டும் வேறு என்பதை அறியாமையாலேயே பலர் வீணே அலைகின்றனர்.

மூலத்தைக் காக்கும் மன்றம் காலத்தால் மாறியிருத்தலும் உண்டு. கிராம சபைகளும் பட்டின சபைகளும் 1981 இல் ஒழிக்கப்பட்டன. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரதேச சபைகள் பின்னர் அமைந்தன. ஆகவே 1960 ஆம் ஆண்டளவிற் கிராம சபையொன்று வழங்கிய கட்டட அனுமதியைத் தேடுபவர், அவ்விடம் இன்று எந்தச் சபையின் எல்லைக்குள் அடங்குகின்றதென முதலில் அறிந்து, அங்கேயே விசாரித்தல் வேண்டும்.

அத்தாட்சிப் பிரதி பெறும் உரிமை புதியதன்று. 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் இதனை வகுத்துள்ளது. பகிரங்க ஆவணமொன்றைப் பார்வையிடும் உரிமையுடைய ஒருவர் கேட்டு, உரிய கட்டணத்தைச் செலுத்துமிடத்து, அதனைக் காக்கும் உத்தியோகத்தர் பிரதி வழங்குதல் வேண்டுமென அதன் 76 ஆம் பிரிவு விதிக்கின்றது. பிரதியின் அடியிலே அஃது உண்மைப் பிரதி என்னும் சான்றுரையும், திகதியும், உத்தியோகத்தரின் பெயரும் பதவியும் கையொப்பமும் இருத்தல் வேண்டும். முத்திரை பயன்படுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டாயின் முத்திரையும் இடப்படல் வேண்டும். இவ்வாறமைந்த பிரதியை மூலத்துக்குச் சான்றாக நீதிமன்றில் முன்வைக்கலாமென 77 ஆம் பிரிவு கூறும்.

இவ்விடத்து ஒரு மயக்கம் களையற்பாலது. தம்மிடமுள்ள பத்திரத்தின் நிழற்பிரதியிற் சமாதான நீதவானின் கையொப்பம் பெற்று, அதனையே அத்தாட்சிப் பிரதியென எண்ணுவோர் உளர். சமாதான நீதவான் தம்முன் காட்டப்பட்ட தாளையே அறிவார். காப்பிலுள்ள மூலப்பதிவை அவர் அறியார். அத்தகைய பிரதி பல விண்ணப்பங்களுக்குப் போதுமாயினும், மூலத்தைக் காப்பவர் வழங்கும் பிரதிக்கு ஈடாகாது.

விண்ணப்பத்திலே வேண்டப்படும் பதிவைத் தெளிவாகச் சுட்டுதல் முதற்கடமை. வட்டாரம், வீதி, வரிமதிப்பீட்டு இலக்கம், அக்கால உரிமையாளர் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பன தரப்படின் எழுதுவினைஞர் இடாப்பை விரைந்து எடுப்பர். எங்கள் வீட்டுப் பத்திரம் வேண்டும் என்று மட்டும் எழுதுதல் பயன்தராது. பழைய வரிப் பற்றுச்சீட்டொன்று வீட்டில் இருப்பின் அதிலுள்ள இலக்கமே வழிகாட்டும். விண்ணப்பத்தின் படியொன்றையும், அது கிடைத்தமைக்கான குறிப்பையும், கட்டணப் பற்றுச்சீட்டையும் பேணி வைத்தல் நன்று. பிரதியைப் பெற்றதும் பெயர், இலக்கம், திகதி என்பவற்றை அவ்விடத்திலேயே சரிபார்த்தல் வேண்டும்.

கேட்டும் மறுமொழி கிடையாதவிடத்து வேறொரு வழியும் இன்று உண்டு. 2015 இல் நிறைவேறிய 19 ஆவது திருத்தம் தகவல் பெறும் உரிமையை அரசியலமைப்பிற் சேர்த்தது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. உள்ளூராட்சி மன்றங்களும் அதற்கு உட்பட்டவை. பிரசை ஒருவர் மன்றத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பிக்கலாம். எதற்காகக் கேட்கின்றார் எனக் காரணம் கூற வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு அறிவிக்கப்படல் வேண்டும். மறுக்கப்படின் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். பிறருடைய அந்தரங்கம் சார்ந்தவை மறுக்கப்படக்கூடும். தகவல் பெறுதலும் அத்தாட்சிப் பிரதி பெறுதலும் ஒன்றல்ல ஆதலின், பிரதியை அத்தாட்சிப்படுத்தித் தரும்படி விண்ணப்பத்தில் வெளிப்படையாகக் கேட்டல் வேண்டும். இச்சட்டத்தின் உரிமை பிரசைகளுக்கே உரியது என்பதைப் பிறநாட்டுப் பிரசாவுரிமை பெற்று இலங்கைப் பிரசாவுரிமையை இழந்தோர் கருத்திற் கொள்வாராக.

பிரதி எதை நிறுவும், எதை நிறுவாது என்பதும் அறியப்படல் வேண்டும். வரி இடாப்பில் ஒருவர் பெயர் இருத்தலினாலேயே அவர் காணிக்கு உரிமையாளர் ஆகார். உரிமைக்கு உறுதியே அடிப்படை. ஆயினும் அவ்விடாப்பு வெறுங்குறிப்பன்று. இடம்பெயர்ந்து பல்லாண்டுகளின் பின் ஊர் மீண்ட குடும்பம் ஒன்றை எண்ணுக. வீடு இருந்த இடத்திற் பற்றை மூடியுள்ளது, எல்லைவேலியைக் காணோம், உறுதி ஓட்டத்தில் தொலைந்தது, அயலார் திசைக்கொருவராயினர். அங்கே ஒரு வீடு இருந்தது, அதில் இன்னார் வாழ்ந்து வரி செலுத்தினர் என்பதற்கு, வரி இடாப்பின் ஒரு வரியே எஞ்சிய சான்றாதல் கூடும். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையோர் கேட்ட மூன்றனுள் அயலார் சாட்சி அற்றுப்போனவிடத்து, ஆட்சிக்குத் துணைநிற்பது அந்த ஆவணமே.

மூலமும் அழியக்கூடியதே என்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1981 மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை யாழ்ப்பாணம் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. மாநகர சபையின் பராமரிப்பில் இருந்த அந்நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சுநூல்களுட் பலவற்றை வேறிடங்களிலிருந்து மீளப்பெற இயன்றது. படியெடுக்கப்படாத ஏட்டுச் சுவடிகளோ மீளவில்லை. பிரதி உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாடு அந்த ஓரிரவில் வெளிப்பட்டது. ஊர்ப் பதிவேடுகளுக்கும் இஃது ஒக்கும். நெருப்பு மட்டுமன்றி, ஒழுகும் கூரையும் கறையானும் கவனமின்மையும் அவற்றுக்குப் பகையாம்.

ஆதலின் வழக்கு வந்தபின் பிரதி தேடுவதினும், மூலம் காப்பில் இருக்கும்பொழுதே பெற்றுவைத்தல் அறிவுடைமை. பெற்றோரும் பாட்டனாரும் உயிரோடிருக்கையில் அவர்தம் நினைவைத் துணைக்கொண்டு பழைய இலக்கங்களையும் பெயர்களையும் குறித்துவைத்தல் இளைஞர்க்கு அரிய காரியமன்று. மன்றங்களும் தம் இடாப்புகளுக்குப் படியெடுத்து வேறோரிடத்திற் பேணுதல் வேண்டும். வேதியர் கையிலிருந்த மூலவோலையோடு வழக்கு முடிந்திலது. பாட்டனாரின் மற்றோர் ஓலையைச் சபையோர் காத்து வைத்திருந்தமையாலேயே ஒப்புநோக்கல் இயன்றது. அக்காப்பு இல்லாத ஊரில் வழக்கு உண்டாகலாம். தீர்ப்பு உண்டாதல் அரிது.