உடல் எடையும் குழந்தைப்பேறு சிகிச்சையும்

குழந்தைப்பேறு சிகிச்சைக்கு வரும் தம்பதியரின் உயரமும் எடையும் முதல் நாளிலேயே குறித்துக்கொள்ளப்படும். “எடையைச் சற்றுக் குறைக்க வேண்டும்” என்று மருத்துவர் கூறியவுடன், குறை முழுவதும் தம்மிடமே உள்ளது எனப் பல பெண்கள் மனம் வருந்துகின்றனர். அந்த அறிவுரையின் பொருள் அதுவன்று.

எடை எவ்வாறு கணக்கிடப்படுகிறது?

கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண். இந்தியர்களுக்கு 18.5 முதல் 22.9 வரை இயல்பான அளவு. 25 அல்லது அதற்கு மேல் உடல் பருமன். 155 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உடைய பெண்ணின் குறியீட்டெண் ஏறத்தாழ 29.

எடை செய்யும் மாற்றம்

கொழுப்புத் திசு ஹார்மோன்களையும் உருவாக்குகிறது. அது மிகும்போது ஈஸ்ட்ரோஜன் அளவு மாறுகிறது. இன்சுலின் சரிவரச் செயல்படுவதில்லை. இதனால் கருமுட்டை முதிர்ந்து வெளிவருவது தடைப்படலாம். ஐ.வி.எஃப். சிகிச்சையில் ஊசி மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். கருச்சிதைவுக்கான வாய்ப்பும் உயர்கிறது. எடை மிகக் குறைந்தாலும் மாதவிடாய் நின்றுவிடக்கூடும். கணவரின் உடல் பருமன் விந்தணுக்களைப் பாதிக்கும். ஆகவே இது இருவருக்கும் உரிய பொறுப்பு.

எவ்வளவு குறைத்தால் போதும்?

சினைப்பை நீர்க்கட்டியும் மிகை எடையும் உள்ள பெண்களுக்கு, எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்புண்டு. 70 கிலோ எடையுள்ளவருக்கு இது மூன்றரை முதல் ஏழு கிலோ மட்டுமே.

சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

நெதர்லாந்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு முன் ஆறு மாதம் எடை குறைப்புப் பயிற்சி பெற்ற பெண்களில் இயற்கையாகக் கருத்தரித்தோர் மிகுதியாக இருந்தனர். ஆயினும், நிறைமாதத்தில் ஆரோக்கியமான குழந்தையைச் சுகப்பிரசவமாகப் பெற்றோரின் எண்ணிக்கை கூடவில்லை. மறுபுறம், 35 வயதுக்குப் பின் கருமுட்டைகளின் எண்ணிக்கையும் தரமும் விரைந்து குறைகின்றன. எனவே எடைக்காக எத்தனை மாதம் காத்திருக்கலாம் என்பதை, வயதையும் கருமுட்டை இருப்பையும் கணக்கிட்டு மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். அவரிடம் இதனைத் தயங்காமல் கேளுங்கள்.

கவனத்திற்கு

பட்டினி கிடந்து எடையைக் குறைக்க வேண்டாம். எடை குறைப்பு ஊசியோ மாத்திரையோ பயன்படுத்தினால், கருத்தரிப்புக்கு முன்பே மருத்துவரிடம் தெரிவியுங்கள். அவற்றுள் சிலவற்றைச் சில வாரங்களுக்கு முன்னரே நிறுத்த வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையின் அளவையும் கேட்டறியுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனி உணவு வைப்பதைவிட, அனைவரும் ஒரே உணவை உண்பதும், கணவரும் மனைவியும் நாள்தோறும் அரைமணி நேரம் சேர்ந்து நடப்பதும் நெடுநாள் நிலைக்கும். குடும்பத்தார் குறை கூறாது துணைநிற்பதே அவர்கள் செய்யக்கூடிய பேருதவி.