தலையாறு ஏன் மெதுவாக விழுகிறது?

பண்ணைக்காட்டு வாசகர் ஒருவர் கேட்கிறார்: “வத்தலக்குண்டு பஸ்ஸில் டம்டம் பாறையைக் கடக்கும்போதெல்லாம் எதிரே தலையாறு அருவியைப் பார்ப்பேன். தண்ணீர் கொட்டுகிற மாதிரியே தெரியாது. அசையாமல் நிற்கிற மாதிரி இருக்கும். மழைக்குப் பிறகு அடிவாரம்வரை நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று நண்பர்கள் பல வருடமாகப் பேசி வைத்திருக்கிறோம். கிட்டே போனால் வேகம் தெரியுமா?”

தூரத்தில் இருப்பது எதுவும் நிதானமாகத்தான் நகர்வதாகத் தெரியும். ஆனால் பழி முழுவதையும் கண்மீது போட முடியாது. அந்தத் தண்ணீர் உண்மையிலேயே மெதுவாகத்தான் இறங்குகிறது.

மஞ்சளாறு விழும் இந்த அருவியின் உயரம் 297 மீட்டர். தமிழ்நாட்டில் இதைவிட உயரமான அருவி இல்லை. “இந்தியாவில் இத்தனையாவது, உலகில் இத்தனையாவது” என்று வரும் பட்டியல்களை நம்ப வேண்டாம். ஒரே வீச்சாக விழுவதை மட்டும் ஒருவர் அளப்பார். படிப்படியாக இறங்குவதையும் கூட்டி இன்னொருவர் அளப்பார். உயரம் நமக்கு வேறொரு கணக்குக்குத் தேவை. காற்றே இல்லாவிட்டால் 297 மீட்டரைத் தண்ணீர் 8 நொடிக்குள் கடந்துவிடும். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 270 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும்.

அப்படி நடக்காததற்கான காரணத்தை எந்த டீக்கடையிலும் பார்க்கலாம். மாஸ்டர் ஆற்றும்போது ஒரு கை நீளத்துக்கு டீ முறியாத தாரையாக வரும். கையை இன்னும் உயர்த்தினால் தாரை அங்கங்கே இளைத்து, அறுந்து, மணி மணியாகப் பிரியும். இப்போது மாஸ்டரைத் தலையாற்றின் உச்சியில் நிறுத்தி, கிளாஸை அடிவாரத்தில் வையுங்கள். தாரை வெகு சீக்கிரம் துண்டாகும். பெரிய துண்டு ஒவ்வொன்றின் அடியிலும் காற்று மோதி அதைத் தட்டையாக்கும். நடுப்பகுதி மேல்நோக்கி உப்பும். உப்பிய சவ்வு கிழிந்து சின்னத் துளிகளாகத் தெறிக்கும். பரப்பு இழுவிசையால் கட்டிக்காக்க முடிவது ஏறக்குறைய 5, 6 மில்லிமீட்டர் துளிவரைதான். போகிற வழியில் சூடு முழுக்கப் போய்விடும். பொடித்துளிகளைக் காற்று பக்கத்துப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய்விடும். நேர் கீழே இருக்கும் கிளாஸில் சேர்வது ஆறிப்போன சில சொட்டுகள்.

துளியாகிவிட்டால் வேகத்துக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. காற்றின் தடையும் எடையும் சமமானதும் வேகம் கூடுவது நிற்கும். 5 மில்லிமீட்டர் துளிக்கு அந்த எல்லை நொடிக்கு 9 மீட்டர். 1 மில்லிமீட்டர் துளிக்கு 4 மீட்டர். அதிலும் பத்தில் ஒரு பங்கான தூவானத் துளிக்குக் கால் மீட்டர்தான். அது 297 மீட்டர் இறங்க 20 நிமிடம் ஆகும். அதற்குள் காற்று அதை எங்கோ கொண்டுபோயிருக்கும். கூட்டமாக வரும் நீருக்கு மட்டும் சலுகை உண்டு. முன்னால் போகும் துளிகள் காற்றையும் தங்களோடு கீழே இழுப்பதால், பின்னால் வருபவற்றுக்குத் தடை குறைகிறது. அதனால்தான் வெள்ளம் வரும்போது அருவி வேகமாகவும், நீர் மெலியும்போது சோம்பலாகவும் விழுகிறது.

தண்ணீர் இழந்த வேகம் எங்கே போனது? காற்றுக்குப் போனது. நீர் நிறைந்த உயரமான அருவியை நோக்கி நடக்கும்போது, நனைவதற்கு முன்பே முகத்தில் ஈரக்காற்று அடிக்கும். உச்சியிலிருந்து துளிகள் இழுத்து வந்த காற்று அடிவாரத்தில் மோதி நாலாபுறமும் விரிவதுதான் அது.

துளிகள் உடைவதைப் பற்றிப் பேசும்போது ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்: இயற்பியலாளர் பிலிப் லெனார்ட். துளிகள் உடையும்போது அருவியடிக் காற்றில் மின்னேற்றம் உண்டாவதை 1892-இல் ஆராய்ந்தார். 1904-இல் மேல்நோக்கி வீசும் காற்றில் துளிகளை மிதக்கவிட்டு, எந்த அளவில் உடைகின்றன என்று பார்த்தார். பின்னாளில் நாஜிகளோடு சேர்ந்து ஐன்ஸ்டைனைத் தூற்றியவர். ஆய்வு நல்ல ஆய்வு. அதற்குமேல் அவரைப் பாராட்ட மனம் வரவில்லை. அந்த மின்னேற்றத்தைச் சொல்லித்தான் இன்று ‘எதிர் அயனிக் காற்று நோய் தீர்க்கும்’ என்று கருவி விற்கிறார்கள். அருவிக்கரையில் மனம் லேசாவது உண்மை. அதற்காகக் கருவி வாங்க வேண்டியதில்லை.

வாசகருக்குப் பதில்: கிட்டே போனால் வேகம் கூடுதலாகத் தெரியும், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு இருக்காது. வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் இறங்காதீர்கள். மேலே மழை பெய்துகொண்டிருந்தால் ஆற்றுப் பாறைகளில் நிற்காதீர்கள். புறப்படுவதற்கு முன் டம்டம் பாறையிலேயே ஒரு சோதனை செய்யலாம். உச்சியில் பிரியும் ஒரு வெண்திரளைக் கண்ணால் பற்றிக்கொண்டு, அது அடியைத் தொடும்வரை கடிகாரத்தைப் பாருங்கள். 8 நொடிக்குள் வந்துவிட்டால் நான் எழுதியது தவறு. நல்ல மழைக்குப் பிறகு ஒருமுறை, நீர் மெலிந்த பிறகு ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மெலிந்த நாளில் நேரம் கூடியே தீர வேண்டும்.