பாறையும் முளையும்

செங்குத்தான பாறையில் உயிரைப் பணயம் வைத்து ஏறுவதை வீண் சாகஸமென்று தள்ளிவிடுவது எளிது. ஆயினும் அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து யோஸெமிட்டிப் பள்ளத்தாக்கில், அவ்வாறு ஏறுவோர் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட ஒரு நியமத்தின் சரித்திரம், மலையேறாதாரும் அறியத்தக்கதென்பது நமது அபிப்பிராயம்.

ஏறும் முறையை முதலில் கூறுவோம். நெடிய பாறையை ஒரு கயிற்றளவில் ஏறி முடித்தல் இயலாது. ஆகவே வழியைப் பல கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுகிறார்கள். இருவர் ஒரே கயிற்றின் இரு முனைகளில் பிணைந்திருப்பர். முன்னவர் பாறை வெடிப்புகளில் ஆங்காங்கே பிடிமானம் பொருத்தி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டு ஏறுவார். பின்னவர் கீழிருந்து கயிற்றைக் காத்து நிற்பார். கடைசிப் பிடிமானத்துக்குப் பத்தடி மேலே முன்னவர் கை நழுவினால், இருபதடியேனும் விழவேண்டியதுதான். கட்டம் முடிந்ததும், பின்னவர் பிடிமானங்களைக் கழற்றிக்கொண்டே மேலே வந்து சேருவார்.

முன்னாளில் இப்பிடிமானம் சுத்தியலால் அறையப்படும் எஃகு முளையாக இருந்தது. ஒருவர் பின் ஒருவராக அறைவதும் பெயர்ப்பதுமாயிருக்கவே, கருங்கல் வெடிப்புகள் சிதைந்து அகன்றன. வேல்ஸ் நாட்டிலோ, ஏறுவோர் கூழாங்கல்லை வெடிப்பில் செருகிக் கயிற்று வளையம் மாட்டினர். பின்பு ஸ்நோடன் மலை ரயில் பாதையோரம் கிடந்த நட்டுகளைப் பொறுக்கிக் கயிறு கோத்துக்கொண்டனர். இவற்றைக் கையாலேயே செருகலாம், கையாலேயே எடுக்கலாம். பிரிட்டனில் இம்முறையைக் கண்டறிந்த ராயல் ராபின்ஸ், 1967-ல் தம் மனைவி லிஸ்ஸுடன் யோஸெமிட்டியில் 'நட்கிராக்கர்' என்னும் பல கட்ட வழியை முளை அறையாமலே ஏறிக் காட்டினார்.

இதனினும் பெரிய காரியம் ஒன்று பின்னர் நிகழ்ந்தது. யுவான் ஷுயினார்டு என்பவர் முளைகளைத் தாமே உலையிலிட்டு அடித்து விற்றவர். அவ்வியாபாரத்தில் முன்னணியில் நின்றவர். அவரே 1972-ல் தமது விலைப்பட்டியலில், முளை பாறையைக் கெடுக்கிறதென்று அச்சிட்டு, செருகும் ஆப்புகளை அதற்கு மாற்றாக வைத்தார். அவற்றைக் கையாளும் வகையை டக் ராபின்ஸன் அதே ஏட்டில் விரித்தெழுதினார். சில மாதங்களில் முளை வியாபாரம் சுருங்கிற்று.

"பாறைக்கு நோவுண்டோ? இதைத் தடுக்கச் சட்டமுண்டோ?" என்று கேட்பவர் உளர். எதிர்வாதத்தைக் கேட்டுப் பழகிய வக்கீலாகிய நாம் அதை ஒதுக்கிவிடவில்லை. முளை அடியோடு ஒழிந்துவிடவில்லை என்பதும் மெய்யே. ஆனால் இவ்வழக்கில் வாதி பாறையன்று. நாளை அவ்வழியே ஏறவருபவன். அவனுக்குரிய வெடிப்பை இன்று உடைத்து உச்சியடைந்தவன், தன் வெற்றிக்குப் பிறனுடைய சொத்தைச் செலவழித்தவனாகிறான். சட்டம் தலையிடுமுன், தம் லாபத்தையும் பாராது இவ்வுண்மையை ஒப்புக்கொண்டவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.