குடும்பச் சேவை நிலையத்தின் கதவைத் தட்டினால் என்ன நடக்கும்?

உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒரு மாணவி. பள்ளி விட்டு வீடு திரும்பும்போது புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள கடிதப் பெட்டியைத் திறப்பது அவள் வேலை. வீட்டில் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துப் புரிந்துகொள்பவள் அவள் ஒருத்திதான். மின்சார, தண்ணீர்க் கட்டணம் பாக்கி என்று ஒரு கடிதம். வாடகை நிலுவை பற்றி இன்னொன்று.

"கடிதம் ஏதும் வந்துச்சாம்மா?" என்று அம்மா கேட்கிறார்.

"ஒண்ணும் இல்லம்மா, விளம்பரம்தான்."

இரண்டு கடிதங்களும் பள்ளிப் பையில் கணிதப் புத்தகத்துக்கு நடுவே மறைந்துவிடுகின்றன.

அப்பாவுக்கு முதுகுவலி வந்து வேலை நின்று நான்கு மாதமாகிறது. அம்மா இரவு நேரத் துப்புரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்குத்தான் திரும்புகிறார். தம்பியைக் குளிப்பாட்டி, பாலர் பள்ளியில் விட்டபிறகே அவள் பள்ளிக்கு ஓட முடியும். வாரத்தில் மூன்று நாள் தாமதம். வகுப்பாசிரியருக்கு அவள் பொறுப்பில்லாதவள். இணைப்பாட நடவடிக்கைத் தோழிகளுக்கு அவள் 'மாறிப்போனவள்'. அம்மாவை மேலும் கவலைப்படுத்த வேண்டாம் என்று கடிதங்களை ஒளித்துவைப்பது யாருக்கும் தெரியாது.

இந்த மாணவி கற்பனைப் பாத்திரம். ஆனால் அவள் சுமக்கும் சுமை கற்பனை அல்ல. உங்கள் வகுப்பிலேயே இப்படி ஒருவர் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். இத்தகைய குடும்பங்களுக்காகச் சிங்கப்பூரில் பல சேவைகள் உள்ளன. அவற்றின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அதிகம். உள்ளே போனால் என்ன நடக்கும் என்று அறிந்தவர்கள் குறைவு. அந்த அறியாமையே பலரை வாசலோடு நிறுத்திவிடுகிறது.

முதல் சந்திப்பு

வீடமைப்புப் பேட்டைகளில், பெரும்பாலும் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே, குடும்பச் சேவை நிலையங்கள் இயங்குகின்றன. தீவெங்கும் நாற்பதுக்கும் மேற்பட்டவை உள்ளன. சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் ஆதரவோடு சமூக சேவை அமைப்புகள் இவற்றை நடத்துகின்றன. ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் வட்டாரம் உண்டு. அந்த வட்டாரத்தில் வசிக்கும் எவரும், எந்த இனத்தவரும், உதவி கேட்டுப் போகலாம்.

முதல் சந்திப்பில் ஒரு சமூக ஊழியர் தனியறையில் உட்கார்ந்து பேசுவார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வருமானம் என்ன, யாருக்கு உடல்நலமில்லை, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், எது மிகவும் அழுத்துகிறது என்று கேட்பார். அது விசாரணை அல்ல. எந்தச் சிக்கலை முதலில் அவிழ்த்தால் மற்றவை தளரும் என்று கண்டறியும் முயற்சி.

நம் மாணவியின் வீட்டையே எடுத்துக்கொள்வோம். பார்ப்பவருக்குத் தெரிவது அவளது தாமதம் மட்டும். தாமதத்துக்குக் காரணம் தம்பி. தம்பியை விட ஆளில்லாததற்குக் காரணம் அம்மாவின் இரவு வேலை. இரவு வேலைக்குக் காரணம் அப்பாவின் முதுகுவலி. மாணவியைக் கண்டித்தால் இதில் எதுவும் சரியாகப்போவதில்லை. குடும்பம் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஒருவர் தேவை. அதுதான் சமூக ஊழியரின் வேலை.

எந்த உதவி எங்கிருந்து வரும்?

சமூக ஊழியரின் மேசையிலிருந்து பல வழிகள் பிரிகின்றன.

நோயாலோ வேலையிழப்பாலோ வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு காம்கேர் குறுகிய, நடுத்தரக் கால உதவி உண்டு. 2005ஆம் ஆண்டு தொடங்கிய காம்கேர் திட்டத்துக்கு சமூக சேவை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அன்றாடச் செலவு, வாடகை, மின்சார, தண்ணீர்க் கட்டணம் போன்றவற்றுக்கு அது கைகொடுக்கும். காம்கேர் தொலைபேசி எண் 1800-222-0000.

பள்ளிச் செலவுக்குக் கல்வி அமைச்சின் நிதி உதவித் திட்டம் இருக்கிறது. தகுதி பெறும் மாணவர்களுக்குப் பள்ளிக் கட்டணம், பாடநூல், சீருடை, உணவு, போக்குவரத்து எனப் பலவற்றில் உதவி கிடைக்கும். அதற்குப் பள்ளி அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பள்ளிக் கைச்செலவு நிதி, மாதந்தோறும் கைச்செலவுக்குப் பணம் தருகிறது. அதற்கு விண்ணப்பிக்கக் குடும்பச் சேவை நிலையம் வழிகாட்டும்.

வாடகை வீடுகளில் பிள்ளைகளோடு வாழும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு காம்லிங்க் பிளஸ் திட்டம் இருக்கிறது. குடும்பப் பயிற்றுவிப்பாளர் ஒருவர் அக்குடும்பத்தோடு நீண்டகாலம் துணைநின்று, இலக்குகளை வகுக்க உதவுகிறார். பிள்ளையை உரிய வயதில் பாலர் பள்ளியில் சேர்த்து ஒழுங்காக அனுப்புவது, நிலையான வேலையில் நீடிப்பது, கடனை அடைப்பது, சொந்த வீட்டுக்குச் சேமிப்பது ஆகிய நான்கு முயற்சிகளுக்கும் ஊக்கத்தொகை உண்டு. எடுத்துக்காட்டாக, சில வகைக் கடன்களில் குடும்பம் 1 வெள்ளி கட்டினால், திட்டம் இன்னொரு வெள்ளி சேர்த்துக் கட்டும். வாழ்நாளில் 5,000 வெள்ளி வரை இந்த உதவி கிடைக்கும்.

இந்தியச் சமூகத்துக்கு 1991ல் தொடங்கப்பட்ட சிண்டா இருக்கிறது. பீட்டி சாலையில் அதன் தலைமையகம் உள்ளது. துணைப்பாட வகுப்புகளுக்காகவே பலர் அதை அறிவார்கள். ஆனால் சிண்டா குடும்பச் சேவை நிலையத்தையும் நடத்துகிறது. அங்கு சமூக ஊழியர்கள் குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்குகிறார்கள்.

இத்தனை திட்டங்களையும் ஒரு குடும்பம் தானே தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல. அதனால்தான் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்குக் குடும்பச் சேவை நிலையம் நல்ல முதல் படி.

தடுக்கும் மூன்று அச்சங்கள்

"எல்லாருக்கும் தெரிந்துவிடுமே" என்பது முதல் அச்சம். ஒரே புளோக்கில் அத்தையும் பக்கத்து புளோக்கில் கோவில் நண்பர்களும் இருக்கும்போது இந்தத் தயக்கம் இயல்பு. ஆனால் பகிர்ந்துகொள்வதை வெளியில் சொல்லாமல் காப்பது சமூக ஊழியரின் தொழில் நெறி. மற்றோர் அமைப்போடு தகவலைப் பகிர வேண்டுமென்றால் பொதுவாகக் குடும்பத்தின் ஒப்புதலைக் கேட்பார்கள். ஒருவரின் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து இருந்தால் மட்டும் அதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த விதிவிலக்கை முதலிலேயே தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

"பிள்ளைகளைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்" என்பது இரண்டாவது அச்சம். பணப் பற்றாக்குறைக்காக உதவி நாடும் குடும்பத்திலிருந்து பிள்ளையை யாரும் கொண்டுபோவதில்லை. சிறார், இளையர் சட்டத்தின் நோக்கம், துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகும் பிள்ளைகளைப் பாதுகாப்பது. முன்பு 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கே இருந்த பாதுகாப்பு, 2019ல் நிறைவேறிய திருத்தத்தால் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் விரிந்தது. அத்தகைய நிலையிலும் குடும்பத்தையே பாதுகாப்பானதாக மாற்ற முடியுமா, உறவினர் வீட்டில் தங்கவைக்க முடியுமா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். முடியாதபோது வளர்ப்புப் பெற்றோர் முன்வருகிறார்கள். அந்த வளர்ப்புத் திட்டம் 1956 முதல் இங்கு நடைமுறையில் உள்ளது.

"அடுத்தவரிடம் கையேந்துவதா?" என்பது மூன்றாவது. நம் வீடுகளில் இதுவே ஆழமானது. தன்மானம் நல்ல குணம். ஆனால் சிண்டா நிதி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வேலை பார்க்கும் இந்தியர்களின் மாதச் சம்பளத்திலிருந்து, அவரவர் வருமானத்துக்கேற்ப 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை மத்திய சேம நிதியின் வழியாக அதற்குச் செல்கிறது. நாளை நீங்கள் வேலைக்குப் போனால் உங்கள் சம்பளச் சீட்டிலும் அந்த வரி இருக்கும். வேலை பார்த்த காலத்தில் அந்த அப்பாவும் கொடுத்திருப்பார். இன்று அவர் முறை.

பிள்ளை மொழிபெயர்ப்பாளராக வேண்டாம்

கடிதப் பெட்டிக்குத் திரும்புவோம். ஆங்கிலம் அதிகம் அறியாத பெற்றோருக்கும் அலுவலகங்களுக்கும் இடையே பாலமாக நிற்பது பல மாணவர்களுக்குப் பழகிப்போன வேலை. விண்ணப்பப் படிவம் நிரப்புவது, மருத்துவர் சொன்னதை விளக்குவது எல்லாம் பெருமைக்குரிய உதவிகள்தாம். ஆனால் அப்பாவின் கடன், அம்மா அப்பா சண்டை, வீட்டில் நடக்கும் வன்முறை போன்றவற்றையும் பிள்ளையே மொழிபெயர்க்க வேண்டியிருந்தால் அது அவர் வயதுக்கு மீறிய சுமை. சில வேளைகளில் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற முடிவும் அந்தப் பிள்ளையின் தலையில் விழுந்துவிடுகிறது.

அதனால் முதல் சந்திப்புக்கு நேரம் குறிக்கும்போதே, தமிழ் பேசும் ஊழியர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. அம்மா தம் மனத்தில் இருப்பதைத் தம் சொந்த மொழியில் சொல்லட்டும். நீங்கள் அந்த நேரத்தில் மகளாக, மகனாக இருந்தால் போதும்.

நண்பர் என்ன செய்யலாம்?

அடிக்கடி தாமதமாக வருவது, மதிய உணவு வாங்காமல் "பசியில்லை" என்பது, பள்ளிச் சுற்றுலாவுக்குக் காரணம் சொல்லி வராமலிருப்பது, வீட்டுக்குப் போகத் தயங்குவது. இவற்றில் ஒன்று நடந்தால் ஒன்றுமில்லாமல் இருக்கலாம். பலவும் சேர்ந்து வந்தால் கேளுங்கள். கும்பலாக அல்ல, தனியாக. "ஏன் இப்படி இருக்கே?" என்பதைவிட, "ரெண்டு வாரமா நீ கேண்டீனுக்கே வரல, பரவாயில்லையா?" என்று பார்த்ததைச் சொல்லிக் கேட்பது பதிலுக்கு வழிவிடும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். அடி, பாலியல் தொல்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் போன்றவை தெரியவந்தால், அந்த ரகசியத்தைத் தனியாகச் சுமப்பது உங்களாலும் முடியாது. "நானும் உன்கூட வரேன்" என்று சொல்லி, பள்ளி ஆலோசகரிடமோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ அழைத்துச் செல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ளலாம். அந்தக் கோபம் ஆறக்கூடியது.

உடனடி ஆபத்து என்றால் 999. குடும்ப வன்முறை, துன்புறுத்தல் பற்றிச் சொல்ல 24 மணி நேரமும் 1800-777-0000. மன உளைச்சலுக்கு 1771. வீட்டில் தொடக்கப்பள்ளி வயதில் தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்கும் ஓர் எண் உண்டு. 1952ல் தோன்றிய சிங்கப்பூர் சிறுவர் சங்கம் 1984லிருந்து நடத்திவரும் 'டிங்கிள் ஃபிரெண்ட்' சேவையின் எண் 1800-2744-788.

இத்துறையில் நாளை நீங்கள்

மேற்கல்வி பற்றி யோசிப்பவர்கள் சமூகப் பணியையும் பட்டியலில் சேர்த்துப் பார்க்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகமும் பட்டப்படிப்பு வழங்குகின்றன. நல்ல மனம் மட்டும் போதாத தொழில் இது. சட்டம், உளவியல், கொள்கை எல்லாம் படிக்க வேண்டும். பிறர் துயரத்தைக் கேட்டுவிட்டு மறுநாளும் தெம்போடு வேலைக்கு வர வேண்டும். தமிழில் சரளமாகப் பேசும் சமூக ஊழியர் ஒருவர், மொழி தெரியாததால் வாயடைத்து நிற்கும் ஒரு பாட்டியையோ தாயையோ பேச வைக்க முடியும். தமிழை வெறும் தேர்வுப் பாடமாக நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம். படிக்கும் காலத்திலேயே தொண்டூழியராகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரவும் வாய்ப்புகள் உண்டு.

அந்த மாணவி ஒருநாள் கடிதங்களைப் பள்ளி ஆலோசகரின் மேசைமேல் வைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுவாரம் அம்மா குடும்பச் சேவை நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவின் முதுகு அன்றே குணமாகிவிடாது. பாக்கி ஒரே நாளில் தீராது. விண்ணப்பத்துக்குச் சான்றுகள் கேட்பார்கள். மீண்டும் போக வேண்டியிருக்கும். ஆனால் கடிதங்கள் இப்போது பெரியவர்கள் கையில் இருக்கின்றன. அவற்றுக்குப் பதில் தேடுவது இனி அவர்கள் வேலை.

அவள் பையில் கணிதப் புத்தகம் மட்டும் இருக்கிறது.