மருந்தை மிஞ்சும் கிருமி

ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் கிருமி மனிதரின் தோலிலும் நாசியிலும் சாதாரணமாக வசிப்பது. பெரும்பாலோருக்கு அதனால் தீங்கில்லை. ஆயின், புண் வழியே ரத்தத்தில் புகுந்துவிட்டால், இருதயத்தையும் எலும்பையும் நுரையீரலையும் பற்றிப் பிராணாபாயம் விளைவிக்கும்.

1928-ம் வருஷம் லண்டனில் பிளெமிங் பண்டிதர் பெனிசிலினைக் கண்டது இக்கிருமியை வளர்த்த தட்டிலேதான். 1941-ல் ஆக்ஸ்போர்டில் ஒரு போலீஸ்காரருக்கு அம்மருந்து அளிக்கப்பட்டது. அவர் தேறி வருகையில் மருந்து தீர்ந்துபோயிற்று, அவரும் மாண்டார். அன்று மருந்து போதாமையால் உயிர் போயிற்று. இன்றோ, மருந்து மலிந்திருந்தும் கிருமி அதற்கு அடங்காமையால் உயிர் போகின்றது. மருந்தைக் குறைவாக உட்கொண்டால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று 1945-லேயே பிளெமிங் எச்சரித்தார். உலகம் செவிசாய்க்கவில்லை. பின்னர் வந்த மெதிசிலினுக்கும் அடங்காத கிருமி தோன்றியதாக 1961-ல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது.

அத்தகைய கிருமிக்கு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாள்வது வான்கோமைசின். போர்னியோத் தீவின் மண்ணிலிருந்து கிடைத்த இம்மருந்து 1958-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியதாதலால், ரத்தத்தில் அதன் அளவைச் சோதித்தே கொடுக்கவேண்டும். அதற்கு மாற்றாக அங்கே 2000-ல் லினசோலிடும் 2003-ல் டாப்டோமைசினும் அனுமதிக்கப்பட்டன. முன்னதை வாய்வழியாகவும் கொடுக்கலாம். நாள் நீடித்தால் ரத்த அணுக்கள் குறையும். பின்னது ரத்தத்தில் பரவிய நோய்க்குச் சிறந்தது; நுரையீரலில் செயலிழந்துவிடுவதால் நிமோனியாவுக்கு உதவாது.

புதிய மருந்தே உயர்ந்த மருந்து என்று எண்ணுவது பேதைமை. மெதிசிலின் வகைக்கு அடங்கும் கிருமியாயின், வான்கோமைசினைவிடப் பழைய செபசோலினே நன்கு வேலை செய்யும். ஆகையால், மருந்து தொடங்குமுன் ரத்தம் எடுத்துக் கிருமியைப் பரீட்சிப்பது இன்றியமையாதது. சீழ்க்கட்டியாயின், அதைக் கீறி வெளியேற்றாமல் எம்மருந்தும் பூரண பலன் தராது.

சில ஆன்டிபயாடிக் மருந்துகளை விற்கும் கடைக்காரர், வைத்தியர் பெயரையும் நோயாளி பெயரையும் தனிப் புத்தகத்தில் பதியவேண்டும் என்று இந்தியாவில் 2014-ல் விதி ஏற்பட்டது. விதி மாத்திரம் போதாது. வைத்தியர் சீட்டின்றி மாத்திரை வாங்குவதும், ஜுரம் தணிந்ததும் தாமே நிறுத்திவிடுவதும் ஜனங்களிடையே ஒழியவேண்டும். கைவசமுள்ள மாற்று மருந்துகள் சிலவே. அவற்றை இன்று விரயம் செய்வோமாயின், நாளை நம் குழந்தைகளின் படுக்கையருகே வைத்தியர் வெறுங்கையுடன் நிற்க நேரும். பொதுஜன சேவையில் ஈடுபட்டோர் இதனைக் கிராமந்தோறும் எடுத்துரைக்கவேண்டுமென்பதே நமது கோரிக்கை.