கரையோர நாட்கள் – 11: புறாமலையில் கால் ஊன்றாமல்

சென்ற வாரம் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் கடலுக்கு இறங்குவோம்.

பங்குனி பிறந்துவிட்டதைத் திருகோணமலைக்காரர் நாட்காட்டி பார்த்துத்தான் அறிய வேண்டும் என்பதில்லை. மாரி முழுக்க வாடை அடித்துக் கலக்கி வைத்த தண்ணீர் மெல்லத் தெளிந்து, நிலாவெளிக் கரையில் முழங்காலளவு நீரில் நின்றால் கால்விரல்களை எண்ணலாம் என்றாகிவிடும். கரைவலைக்காரர்கள் ஒரு பக்கம், சுற்றுலா வள்ளக்காரர்கள் மறுபக்கம் என்று கரை விழித்துக்கொள்ளும். புறாமலைக்குப் போக இதுதான் காலம்.

நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் ஏறக்குறைய 16 கிலோமீற்றர் நிலாவெளி. முதல் பஸ்ஸைப் பிடித்து, வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வள்ளத்தில் ஏறினேன். ஒரு கிலோமீற்றர்தான் தூரம். லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கி முடிப்பதற்குள் தீவு வந்துவிடுகிறது.

தீவு என்றால் இரண்டு. சின்னது வெறும் பாறைகள். பெரியதும் அப்படியொன்றும் பெரிதில்லை: நீளம் சுமார் 200 மீற்றர், அகலம் 100, உச்சி கடல்மட்டத்திலிருந்து 45 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் தேசியப் பூங்காவின் பரப்பு 471 ஹெக்டேயர். மிச்சமெல்லாம் கடல். யாலவிலும் வில்பத்துவிலும் ஜீப்புக்குள் இருந்தபடி விலங்கைத் தேடுகிறோம், இறங்கவே விடமாட்டார்கள். இங்கே பார்க்க வந்தவரே விலங்கின் வீட்டுக்குள் இறங்கிவிடுகிறார். இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம் என்பதை வள்ளத்தில் வந்த பலர் யோசித்ததாகத் தெரியவில்லை.

எல்லோரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீருக்கு ஓட, நான் கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்தபடி இருந்தேன். தீவுக்குப் பெயர் கொடுத்தவை அங்கேதான் இருக்கின்றன. சாம்பல் உடல், இறக்கையில் இரண்டு கரும்பட்டைகள், கழுத்தில் வெயில் பட்டால் பச்சையும் ஊதாவும். “இது எங்கட பஸ் ஸ்டாண்ட் புறாதானே” என்று பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை உதட்டைப் பிதுக்கினாள். பிழையில்லை, இரண்டும் ஒரே இனம்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மனிதன் மலைப்பாறைகளிலிருந்து பிடித்து வளர்த்த புறாக்கள் கூட்டை விட்டுத் தப்பிப் பெருகியதுதான் நகரத்துப் புறா. கட்டடத்து விளிம்பும் ஜன்னல் திட்டும் அதற்குப் பாறையிடுக்கின் மறுபதிப்பு. அந்தப் பாறையிடுக்கை அதன் அசலில் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வரவேண்டும். வந்தவர்கள் பார்க்காமல் போகிறார்கள், அதுதான் வேடிக்கை.

ஒரு காலத்தில் பிரித்தானியர் இந்தத் தீவைச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். புறாக்கள் எப்படித் தாக்குப்பிடித்தனவோ! 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. அடுத்த ஆண்டே சுனாமி. போரும் இருந்தது. 2009க்குப் பிறகுதான் கூட்டம் சேர்ந்தது.

இனித் தண்ணீர். கரையில் நடக்கும்போதே காலடியில் கலகலவென்று சத்தம் கேட்கும், உடைந்த பீங்கான்மேல் நடப்பதுபோல. பவளத் துண்டுகள். எங்கள் ஊரில் முருகைக்கல் என்போம். விரல்போல, கிளைபோல, எலும்புபோல வெளுத்துக் கிடக்கும் அவை எல்லாம் செத்தவை. பலர் குனிந்து பொறுக்கிப் படம் எடுப்பது அவற்றைத்தான். நாலடி தள்ளித் தண்ணீருக்குள் உயிரோடு இருப்பதைப் பார்த்தவர்களோ, “என்ன, சேத்து நிறமாக் கிடக்கு” என்று ஏமாந்து தலையைத் தூக்குகிறார்கள்.

அந்தச் சேற்று நிறம்தான் உயிர். பவளம் என்பது கல் அல்ல. கடுகளவு, மிளகளவு உயிர்கள் கூட்டமாக இருந்து சுண்ணாம்பால் கட்டும் வீடு. அவற்றின் தோலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலை வாங்கிச் சமைத்து வீட்டுக்காரருக்கும் ஊட்டுகின்றன. தவிட்டு நிறம் அந்தப் பாசியின் நிறம். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுக்கும், சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகும். 1998இல் ஹிக்கடுவைப் பவளங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று. திருகோணமலைப் பக்கம் அந்த முறை பெரும்பாலும் தப்பிவிட்டது.

சிறுவயதில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் ஒரு முருகைக்கல் கிளை இருந்தது. வருஷப்பிறப்புக்கு முன் அம்மா அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, “பார், எவ்வளவு வெள்ளை” என்பார். நானும் வியந்திருக்கிறேன்.

முகத்தை நீருக்குள் வைத்தேன். திருகோணமலைக் கோட்டை வாசலில் மேயும் புள்ளிமான்களின் கொம்புகளை யாரோ கடலடியில் நெருக்கி நட்டு வைத்ததுபோல் கிளைப்பவளம். நுனிகள் மட்டும் வெளிறி நீலம் பூத்திருந்தன. வளரும் இடம் அது. நல்ல நீரில் ஆண்டுக்கு ஒரு சாணுக்குக் குறைவாகவே நீளும். நறுக் நறுக்கென்று காதில் விழுந்தது, கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் ஓசை. பாசியோடு சேர்த்து விழுங்கும் சுண்ணாம்பைப் பின்னால் மணலாக விட்டுச் செல்கிறது. தீவின் வெள்ளை மணலில் ஒரு பங்கு அதன் கழிவு. அதில் துவாய் விரித்துப் படுப்பவர்களிடம் நான் இதைச் சொல்வதில்லை.

பிறகு சுறா வந்தது. முதுகுத் துடுப்பின் நுனியை மைக்கூட்டில் தோய்த்து எடுத்ததுபோல் கறுப்பு, என் நீளம்கூட இல்லை. அருகில் மிதந்த பெரியவர் என் தோளை இறுக்கிப் பிடித்தார். அது ஒரு வளைவு வளைந்து போயே போய்விட்டது. “உங்களைக் கண்டு அதுதான் பயந்து ஓடுது ஐயா” என்று வள்ளக்காரத் தம்பி சிரித்தான். அழுங்காமை ஒன்றும் தூரத்தில் தெரிந்தது. எட்டிப் பார்ப்பதற்குள் ஆழத்துக்கு இறங்கிவிட்டது.

சுறாவுக்குப் பயந்த அந்தப் பெரியவர் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கவே, காலை இறக்கி நின்றார். நின்றது பவளத்தின் மேல். அப்பளம் நொறுங்கும் சத்தம் நீருக்குள்ளும் கேட்டது. “ஐயா, மிதந்துகொண்டு பாருங்கோ, காலை மட்டும் ஊண்ட வேண்டாம்!” என்று தம்பி கத்தினான். அவர் பாவம், குனிந்து பார்த்துவிட்டு, “கல்லுத்தானே தம்பி” என்றார். நானும் இருபது ஆண்டுகளுக்கு முன் இதே இடத்தில் இப்படித்தான் நின்றேன். என்னிடம் கத்த அன்று யாரும் இல்லை.

சூடேறும் கடலை நிலாவெளிக்காரர் தனியாகத் தணிக்க முடியாது. ஆனால் ஆழம் குறைந்த அந்தத் திட்டில் ஒரு விடுமுறை நாளில் எத்தனை கால்கள் இறங்குகின்றன என்பது நம் கையில் இருக்கிறது. வள்ளங்களைக் கட்ட மிதவைகளும், நாளுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் இல்லாமல் வெறும் அறிவிப்புப் பலகையால் இது நடக்காது என்பது என் எண்ணம்.

போகிறவர்கள் வார நாளில், காலை எட்டுக்கு முன் போங்கள். நீந்தத் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், களைத்தால் மல்லாந்து மிதக்கலாம். கரையில் கிடக்கும் வெள்ளைத் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள், சட்டப்படி அது குற்றம். தண்ணீரில் இறங்கும் முன் ஐந்து நிமிடம் அந்தப் புறாக்களையும் பாருங்கள்.

(அடுத்த வாரம்: கோணேசர் மலையில் நின்று நீலத்திமிங்கிலம் தேடுதல்)