வீட்டிலிருந்தே காசநோயை வெல்லலாம்

இரண்டு வாரத்திற்கு மேலாக இருமல் விடாதிருந்தும் அதை வெளியில் சொல்லத் தயங்குகிற அங்கத்தினர்கள் நம் சங்கங்களில் உண்டு. சொன்னால் சங்கத்தில் நூல் கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ, மகளுக்கு வரன் வராமற் போய்விடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். தறியில் உட்காராத நாளுக்குக் கூலி இல்லை; மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் குடும்பம் என்னாகும் என்ற கவலை வேறு. இந்த அச்சங்கள் பலவற்றிற்கு ஆதாரமில்லை என்பதைச் சென்னை நகரிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி அறுபது ஆண்டுகளுக்கு முன்பே மெய்ப்பித்துவிட்டது. அதன் விவரத்தை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது அவசியமென்று கருதுகிறோம்.

காசநோய் ஒரு கிருமியால் உண்டாவது என்பதை 1882-இல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கண்டறிந்தார். அதன் பிறகும் வெகு காலம் வரையில் இதற்குத் தக்க மருந்து கிடையாது. சானடோரியத்தில் படுக்கை, நல்ல காற்று, சத்துள்ள உணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. ஏழை நாட்டில் எத்தனை பேருக்கு அத்தகைய படுக்கை கிடைக்கும்?

கிருமியைக் கொல்லும் மருந்துகள் வந்த பின்னர், 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் கூடி நடத்திய முயற்சி அது. நகரத்து ஏழை நோயாளிகளை அவர்கள் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் தங்கினார்கள். மறு பிரிவினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள் ஓராண்டுக் காலம் கொடுக்கப்பட்டன. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்களுக்கு அவை குறைவே.

1959-இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. அது மட்டுமன்று. இரு பிரிவினரின் குடும்பத்தாரையும் ஐந்தாண்டுகள் கவனித்து வந்ததில், நோயாளி வீட்டிலிருந்த காரணத்தால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகப் பரவவில்லை என்பதும் தெளிவாயிற்று. மருந்து தொடங்கியபின் தொற்றும் தன்மை விரைவில் தணிந்துவிடுகிறது. நோய் பெரும்பாலும் பரவுவது அது மறைத்து வைக்கப்பட்டிருக்கும் காலத்திலேதான். ஆகவே, வீட்டாருக்குத் தீங்கு செய்வது இருமலை ஒளிப்பதே அன்றி, மருந்து உண்பவரை வீட்டில் வைத்திருப்பதன்று.

ஆராய்ச்சியாளர்கள் வேறொன்றையும் கண்டார்கள். சிறிது குணம் கண்டதும் நோயாளிகள் மருந்தை விட்டுவிடுகிறார்கள். பயிர் பச்சை பிடித்துவிட்டதென்று கதிர் வாங்கும் தருணத்தில் தண்ணீரை நிறுத்துகிற விவசாயி உண்டா? இடையில் மருந்தை நிறுத்தினால் எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். சில வேளை அந்த மருந்துக்கே அடங்காதவையாகவும் மாறும். ஆதலால், மருந்தை ஒருவர் கண்ணெதிரே உட்கொள்ளச் செய்யும் முறையைச் சென்னையில் சோதித்தார்கள். பின்னர் அது உலகெங்கும் பரவியது.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசம். உணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயாக வழங்கப்பட்ட உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்தார் அனைவருக்கும் உணவுப் பொருள்கள் வழங்கிப் பார்த்ததில், அக்குடும்பங்களில் புதிதாக நோய் தோன்றுவது ஏறக்குறைய நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது என்று 2023-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. குணமாக்குவது மருந்து; வீட்டாரைக் காப்பதில் உணவுக்கும் பெரும் பங்குண்டு.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஆகவே ஒன்றைக் கண்டால் மற்றதையும் பரிசோதிக்க வேண்டும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றிற்கான மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கியது. மருந்து நோயாளியின் வீட்டிற்குச் செல்ல வேண்டும் என்னும் கொள்கையை அதிலும் காண்கிறோம்.

இனிச் சங்கங்களின் கடமை யாது? முதலாவதாக, நோயின் காரணமாக எந்த அங்கத்தினருக்கும் நூலையோ முன்பணத்தையோ நிறுத்தலாகாது. நிறுத்தினால் அடுத்தவர் தம் இருமலை மறைப்பார். அதன் பலனை நாம் அனைவருமே அனுபவிப்போம். இரண்டாவதாக, டாக்டர் ஓய்வு சொல்லும் வாரங்களில் அவர் வீட்டில் அடுப்பு அணையாதிருக்கச் சிறு கடன் அளிக்கலாம். மூன்றாவதாக, ஆறு மாதமும் தினந்தோறும் மாத்திரை உட்கொண்டாரா என்று விசாரிக்க அண்டை வீட்டு அங்கத்தினர் ஒருவர் பொறுப்பேற்கலாம். இதற்குச் செலவு ஏதுமில்லை.

ஒருவர் சுமையைப் பலர் தாங்குவதற்கே சங்கம் அமைத்தோம். இருமலைச் சொல்ல அஞ்சாத அங்கத்தினரும், சொன்னவரைக் கைவிடாத சங்கமும் இருப்பின், இந்நோயை நம் ஊர்களிலிருந்து விரட்டுவது இயலாத காரியமன்று.